ஆல்புமின் – 'நில்': ஒரு சிறுநீர்ச் சோதனையின் கதை

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் வழக்கம்போல் என்னைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்கள். "சார், ஹாஸ்டல் மெஸ் பற்றி ஏற்கெனவே நாலு பேர் எழுதிவிட்டார்கள். கல்லூரி நாள் நாடகம் பற்றி மூன்று கட்டுரை வந்தாச்சு. நீங்கள் உங்கள் தொழில் சம்பந்தமாக ஏதாவது சரித்திரக் கட்டுரை கொடுங்கள்" என்றார்கள். என் தொழில் என்ன? முப்பத்தைந்து ஆண்டுகள் ஆய்வகத்தில் நின்றுகொண்டு ஊரார் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்ததுதான். "சிறுநீரைப் பற்றி மலரில் எழுதலாமா?" என்று கேட்டேன். எதிர்முனையில் கொஞ்சம் தயக்கம். பிறகு, "தாராளமா எழுதுங்க சார், நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு சுகர்தானே!" என்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் என்னால் கலந்துகொள்ள முடியவில்லை. எனக்குக் கேப்டன் ஞாபகம் வந்துவிட்டது.

1973 முதல் 1976 வரை நான் இங்கே பி.எஸ்ஸி. வேதியியல் படித்தபோது மூன்று வருடமும் என் அறைத்தோழனாக இருந்தவன் அவன். ஹாக்கி அணித் தலைவன் என்பதால் எல்லோருக்கும் 'கேப்டன்'. சொந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தக் கால ஹாஸ்டல்வாசிகளுக்கு யாரென்று தெரியும். 2011-ல் அவன் போய்விட்டான். போவதற்கு முன் எட்டு வருடம் சிறுநீரகத்தோடு மல்லுக்கட்டினான். அவனுடைய சிறுநீரை வருடா வருடம் பரிசோதித்து 'ஆல்புமின் – நில்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்த கை என் கைதான். ஆகையால் நண்பர்களே, மாணவச் செல்வங்களே, இந்தச் சரித்திரத்தில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

நீரைப் பார்த்து நோய் சொன்னவர்கள்

சிறுநீரைப் பார்த்து நோயை அறிவது நமக்குப் புதிதல்ல. நம் சித்த வைத்தியர்கள் எட்டு வகைத் தேர்வில் ஒன்றாக மூத்திரத்தை வைத்திருந்தார்கள். நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்தாகப் பிரித்துப் பார்ப்பதற்கு நீர்க்குறி என்று பெயர். அதிகாலை நீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பைப்போல் நீள்கிறதா, மோதிரம்போல் வளைகிறதா, முத்துப்போல் நிற்கிறதா என்று பார்ப்பது நெய்க்குறி. அந்த ஐந்தில் நுரையும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். கிரேக்கத்து ஹிப்போகிரேட்டஸ் பெயரில் வழங்கும் வைத்தியச் சூத்திரங்களிலும், சிறுநீரின் மேல் குமிழிகள் நின்றால் சிறுநீரகத்தில் நோய் என்ற குறிப்பு வருகிறது.

நுரைக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம்? முட்டையின் வெள்ளைக் கருவை அடித்தால் நுரைக்கிறதல்லவா, அதே விஷயம்தான். புரதம் கலந்த நீர் நுரைக்கும். வெள்ளைக் கருவுக்கு லத்தீனில் 'ஆல்புமென்'. அதிலிருந்து வந்த பெயர்தான் ஆல்புமின்.

நீரிழிவுக்காரர் நீரில் எறும்பு மொய்ப்பதும் நம் நாட்டு வைத்தியத்துக்கு ஆதிநாள் தொட்டே தெரியும். இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் அந்த இனிப்பை 1674-ல் எழுதிவைத்தார். மாத்யூ டாப்சன் 1776-ல் நீரைச் சுண்டக் காய்ச்சி, மிஞ்சியது சர்க்கரைதான் என்று காட்டினார். ஆக, சர்க்கரை ஒரு பக்கம், புரதம் ஒரு பக்கம், இரண்டும் தனித்தனிப் பாதையில் வந்துகொண்டிருந்தன. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிய இன்னும் வெகுநாள் ஆயிற்று.

கரண்டியும் மெழுகுவத்தியும்

புரதம் சூட்டில் உறையும். இதை நோயாளியின் நீரில் செய்து பார்த்தவர் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து டொமினிகோ கோட்டுன்யோ. உடம்பெல்லாம் வீங்கிய ஒரு சிப்பாயின் நீரைக் காய்ச்சியபோது அது வெள்ளைக் கருபோல் கட்டிப்போனதை 1764-ல் பதிவு செய்தார்.

ஆனால் வீக்கம், உறையும் நீர், கெட்டுப்போன சிறுநீரகம் ஆகிய மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியவர் லண்டன் கய்ஸ் ஆஸ்பத்திரியின் ரிச்சர்ட் பிரைட். ஒரு கரண்டியில் நோயாளியின் நீரை எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டுவார். திரண்டால் புரதம். அப்படிப்பட்டவர்கள் இறந்த பிறகு சிறுநீரகத்தை அறுத்துப் பார்த்து, அது சுருங்கியோ கரடுமுரடாகவோ இருப்பதை 1827-ல் நூலாக வெளியிட்டார். நூறு வருடத்துக்குமேல் சிறுநீரக நோய்க்கே 'பிரைட் வியாதி' என்று பெயர். கய்ஸ் ஆஸ்பத்திரி என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை மறுபடி மறுபடி அங்கேயே போய் நிற்கும்.

1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில் ஒரு சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதுவரை, சிறு வயதில் நீரிழிவு வந்தால் சீக்கிரமே சாவுதான். ஊசி வந்த பிறகு பத்து, இருபது வருடம் வாழ ஆரம்பித்தார்கள். அப்போதுதான் வேறொரு சங்கடம் தலைகாட்டியது. 1936-ல் பாஸ்டன் நகரில் பால் கிம்மல்ஸ்டீல், கிளிஃபர்ட் வில்சன் என்ற இருவர், நீரிழிவுக்காரர் சிலரின் சிறுநீரக வடிகட்டி முடிச்சுகளில் உருண்டை உருண்டையாகத் தடிப்புகள் இருப்பதை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார்கள். சர்க்கரையும் புரதமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று அன்று தெரிந்தது.

நம் ஊர்ப் பக்கமும் ஒரு வரி. நீரிழிவுக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவை 1948-ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். நம் தேசத்தில் இது பணக்காரர் வியாதி மட்டுமல்ல என்று உணர்ந்தவர்களில் அவர் முன்னோடி.

'பாஸா, ஃபெயிலா?'

நான் 1979-ல் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் சேர்ந்தபோது என் கையில் இருந்த ஆயுதங்கள் இரண்டு. சர்க்கரைக்கு பெனடிக்ட் கரைசல், 1908 வாக்கில் வந்தது. ஐந்து மில்லி கரைசலில் எட்டுத் துளி நீர் விட்டுக் கொதிக்க வைத்தால் நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று நிறம் ஏறும். புரதத்துக்கு அதே பிரைட் காலத்துச் சூடு. சோதனைக் குழாயில் முக்கால்வாசி நீர் எடுத்து, மேல்பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். கலங்கினால் இரண்டு சொட்டு அசெட்டிக் அமிலம். பாஸ்பேட்டால் வந்த கலங்கல் அமிலத்தில் கரைந்துவிடும், புரதத்தால் வந்த கலங்கல் நிற்கும். இந்த வித்தியாசத்தை நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கற்றுக்கொடுத்த பேராசிரியரை அங்கே தினம் ஒரு தரமாவது நினைத்துக்கொள்வேன்.

1957-லேயே மேல்நாட்டில் 'ஆல்பஸ்டிக்ஸ்' காகிதப் பட்டை வந்துவிட்டது. நீரில் தோய்த்தால் மஞ்சள் பச்சையாகும். எங்கள் ஆய்வகத்தில் எப்போதாவது ஒரு டப்பா வரும். தீர்ந்தால் பழையபடி ஸ்பிரிட் விளக்குதான்.

கேப்டனுக்கு 1986-ல் சர்க்கரை என்று தெரிந்தது. வயது முப்பத்தொன்று. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி வேலை, ஊர் ஊராய் ஓட்டம். வருடத்துக்கு ஒரு தரம் எங்கள் ஊர் வழியாக வரும்போது ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்ப்பான். ஒரு பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, "மாப்ளே, பாஸா ஃபெயிலா சொல்லுடா" என்பான். பெனடிக்டில் ஆரஞ்சு வரும். திட்டுவேன். புரதச் சோதனையில் நீர் தெளிவாக நிற்கும். "ஆல்புமின் நில்டா, பாஸ்!" என்பேன். இரண்டு பேரும் டீ குடிக்கப் போவோம்.

1987 நில். 1989 நில். 1992 நில். 1994 நில். 1996-ல் விளக்கில் காட்டியபோது குழாயின் மேல்பகுதி மோர்போலத் திரண்டது. அமிலம் விட்டேன். போகவில்லை. இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். போகவே இல்லை. "என்னடா, டீக்கு நேரமாச்சு" என்றான் அவன்.

பஸ்ஸில் இடம் பிடித்த கதை

எனக்கு அன்று தெரியாதிருந்த ஒரு விஷயம், உலகத்துக்கு 1963 முதலே தெரிய ஆரம்பித்திருந்தது.

நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. ரத்தத் திரவத்தில் லிட்டருக்குச் சுமார் 40 கிராம் ஆல்புமின் இருக்கிறது. இவ்வளவும் வடிகட்டியின் வாசலுக்கு வந்து போனாலும், ஆரோக்கியமான ஆளின் ஒரு நாள் நீரில் 30 மில்லிகிராம்கூடத் தேறாது. ஃபில்டர் புதிதாக இருக்கும்வரை டிகாஷனில் தூள் இறங்காது. ஓட்டை பெரிதாக ஆக, முதலில் கண்ணுக்குத் தெரியாத பொடி, பிறகு வண்டல். எங்கள் ஸ்பிரிட் விளக்கும் காகிதப் பட்டையும் வண்டலைத்தான் கண்டுபிடிக்கும். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்றால், ஒன்றரை லிட்டர் நீரில் நூறு மில்லிக்கு 20 மில்லிகிராம். பட்டை கண் திறப்பதே ஏறக்குறைய அந்த அளவில்தான். 30-க்கும் 300-க்கும் நடுவில் என்ன நடந்தாலும் எங்கள் சீட்டில் 'நில்'தான் வரும்.

அந்த இருட்டில் விளக்கேற்றியவர் ஹாரி கீன். வேலை பார்த்தது அதே கய்ஸ் ஆஸ்பத்திரியில். 1963-ல் குளூவெராகிஸ் என்ற சகாவோடு சேர்ந்து, மிகக் குறைந்த ஆல்புமினை அளக்கும் முறையை வெளியிட்டார். ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினுக்காகக் கண்டுபிடித்திருந்த கதிரியக்க முறையை ஆல்புமினுக்குத் திருப்பிக்கொண்டார். இந்த முறைக்காக யாலோ 1977-ல் நோபல் பரிசு பெற்றார்.

தத்துவம் எளிது. திருவிழாவுக்குப் போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டுகள்தான் எதிர்ப்புரதம், எண்ணிக்கை குறைவு. சிவப்புத் துண்டு கட்டிய நூறு பேரை நாமே அனுப்புகிறோம், அவர்கள் கதிரியக்கம் ஏற்றிய ஆல்புமின். நோயாளியின் நீரிலிருந்து வருகிற ஆல்புமின் துண்டு இல்லாத கூட்டம். இரண்டு கூட்டமும் முண்டியடித்து ஏறுகின்றன. பஸ் கிளம்பியதும் உள்ளே எத்தனை சிவப்புத் துண்டு என்று எண்ணினால் போதும். சிவப்பு குறைந்திருந்தால் மற்றக் கூட்டம் அதிகம் என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத பொடியையும் இப்படி எண்ணிவிடலாம்.

1962-ல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் ஊரில், இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களின் நீரை வீடு வீடாகச் சேகரித்துச் சர்க்கரை பார்த்தார்கள். அதில் புதிதாகத் தெரியவந்த நீரிழிவுக்காரர்களுக்கு, பட்டையில் புரதம் இல்லாதபோதும் ஆல்புமின் சற்றுக் கூடுதலாக இருந்தது என்று கீன் குழு 1969-ல் எழுதியது. கொஞ்சம் கூடுதல்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிய வேண்டுமே?

பதினான்கு வருடக் காத்திருப்பு

விஞ்ஞானத்தில் சில கேள்விகளுக்குக் கருவி பதில் சொல்லாது, காலண்டர்தான் சொல்லும். 1966, 67-ல் இன்சுலின் போடும் நீரிழிவுக்காரர்களின் இரவு நீரில் ஆல்புமினைக் கீன் குழு அளந்து எழுதிவைத்தது. பதினான்கு வருடம் கழித்து ஜியான்கார்லோ விபெர்ட்டியும் கீனும் சகாக்களும் அந்தப் பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு, உயிரோடிருந்த 63 பேரைத் தேடிப் பார்த்தார்கள். அன்றைக்கு நிமிடத்துக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்த 55 பேரில் சிறுநீரக நோய் முற்றியது இரண்டு பேருக்குத்தான். 30-க்கு மேல் இருந்த எட்டுப் பேரில் ஏழு பேருக்கு முற்றியிருந்தது. 1982-ல் 'லான்செட்' இதழில் வந்த இந்தக் கட்டுரையைப் பிற்பாடு படித்தபோது, 'எட்டில் ஏழு' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

டென்மார்க்கிலும் பார்விங் என்பவர் அதே 1982-ல் இதே உண்மையைச் சொன்னார். அதே நாட்டின் கார்ல் எரிக் மோகன்சென், நடுத்தர வயதில் வரும் நம் மாதிரி நீரிழிவுக்காரருக்கும் இது பொருந்தும் என்று 1984-ல் காட்டினார். இந்தச் சிறு கசிவு இருந்தவர்களுக்குச் சாவும் முந்தி வந்தது, பெரும்பாலும் இதயம் வழியாக. வடிகட்டியில் கசிவு என்றால் உடம்பின் மற்ற ரத்தக் குழாய்களும் பழுதுபடுகின்றன என்று பொருள். ஒரு நாளைக்கு 30 முதல் 300 மில்லிகிராம்வரை என்ற எல்லையை 1985-ல் நிபுணர்கள் கூடி வகுத்தார்கள். 'மைக்ரோஆல்புமினூரியா' என்ற நீண்ட பெயர் நிலைத்தது.

ஒரு நாள் முழுக்க கேனில் நீர் பிடித்துவரச் சொன்னால் யார் செய்வார்கள்? அதற்கும் வழி வந்தது. நீரில் ஆல்புமினோடு கிரியேட்டினினையும் அளந்து விகிதம் போடுவது. மோரில் தண்ணீரை ஊற்றினால் உப்பும் குறையும், காரமும் குறையும், ஆனால் உப்புக்கும் காரத்துக்கும் உள்ள விகிதம் மாறாது. அதே கணக்குதான். இதுதான் ஏ.சி.ஆர். காலை முதல் நீர் பத்து மில்லி போதும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே ஆல்புமின் இருந்தால் சரி. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. அதற்குமேல் அபாயம். 'மைக்ரோ' என்றதும் அற்ப விஷயம் என்று ஜனங்கள் நினைத்துவிடுவதாலோ என்னவோ, 2012-க்கான சர்வதேச வழிகாட்டி அந்தச் சொல்லையே தவிர்த்து ஏ1, ஏ2, ஏ3 என்று படி வைத்துவிட்டது.

தெரிந்து என்ன பயன்?

"முன்கூட்டித் தெரிந்து என்ன செய்யப்போகிறோம், கவலைப்படுவதைத் தவிர?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது.

பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராயப்போய்ப் பிறந்த ரத்த அழுத்த மாத்திரை கேப்டோப்ரில். அது வடிகட்டி முடிச்சுக்குள் இருக்கும் அழுத்தத்தையும் இறக்குகிறது. 1993-ல் அமெரிக்காவில் லூயிஸ் குழு, சிறுநீரில் புரதம் தெளிவாக இறங்கிவிட்ட 409 பேரிடம் செய்த ஆய்வில், ரத்தக் கிரியேட்டினின் இரட்டிப்பானவர்கள் சாதாரண மாத்திரைக் கூட்டத்தில் 43, கேப்டோப்ரில் கூட்டத்தில் 25. 2001-ல் லோசார்டன், இர்பெசார்டன் மாத்திரைகளும் நடுவயது நீரிழிவில் பயன் தரும் என்று நிரூபணமாயிற்று. 2003-ல் பாஸ்டன் ஜோஸ்லின் மையத்து ஆய்வில், சிறு கசிவுள்ளவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஆறு வருடத்தில் அது பாதியாகவோ அதற்குக் கீழாகவோ இறங்கியது தெரிந்தது. ஆக, தலைவிதி என்று உட்கார வேண்டியதில்லை. 2019-ல் கானாகிளிஃப்ளோசின் மாத்திரை 4401 பேரிடம் சோதிக்கப்பட்டு, சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்தைச் சுமார் 30 சதவீதம் குறைத்தது. 2020-ல் ஃபினரெனோன், 2024-ல் செமாகுளூடைட் என்று பட்டியல் நீள்கிறது.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். 1997-ல் எனக்கும் சர்க்கரை வந்தது. 1998-ல் நான் மாநகரத்துத் தனியார் ஆய்வகம் ஒன்றுக்கு மாறினேன். அங்கே மைக்ரோஆல்புமின் பார்க்கும் கருவி இருந்தது. பழகுவதற்காக என் நீரையே முதலில் வைத்தேன். ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன், பளிங்குபோல் நின்றது. கருவி சொன்ன எண் 64. மறுபடி இரண்டு தரம் பார்த்தும் அறுபதைச் சுற்றியே நின்றது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார், ரத்த அழுத்தத்தைக் கறாராகப் பிடித்தார். இன்றைக்கும் என் சிறுநீரகம் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அதே நாட்களில் கேப்டனுக்கு முகம் வீங்க ஆரம்பித்திருந்தது. 2003-ல் டயாலிசிஸ். மறு வருடம் மனைவி ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தார். ஏழு வருடம் ஓட்டினான். ஒரே அறை, ஒரே மெஸ் சாம்பார், ஒரே வியாதி. எனக்கு 64 என்று சொல்ல ஒரு கருவி இருந்தது. அவனுக்கு 'நில்' எழுத நான் இருந்தேன்.

ஆல்புமினுக்கும் முன்னால்

ஆல்புமினோடு கதை முடிந்துவிடவில்லை. ஆல்புமின் துளிகூடக் கசியாமலே சிறுநீரகம் தேய்கிற நீரிழிவுக்காரர்களும் உண்டு என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. வடிகட்டி மட்டும்தானா பழுதாகும்? அதற்குப் பின்னால் இருக்கும் நுண்குழல்களும் அடிபடும். அவை அடிபட்டால் கத்துகிற குரல்களைத் தேடினார்கள். 1993-ல் வெள்ளணுக்களில் கண்டுபிடித்த 'என்காள்' என்ற புரதம், சிறுநீரகம் காயப்பட்ட சில மணி நேரத்தில் நீரில் எகிறுகிறது என்று 2003 முதல் சின்சினாட்டியின் டாக்டர் பிரசாத் தேவராஜன் குழு காட்டியது. 1998-ல் போன்வென்ட்ரே குழு 'கிம்-1' என்ற குழல் புரதத்தைக் கொண்டுவந்தது. ஜப்பானில் 'எல்-எஃப்ஏபிபி' என்ற மற்றொன்று 2011 முதல் மருத்துவக் காப்பீட்டிலேயே சேர்ந்தது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய முயற்சி, நீரில் மிதக்கும் 273 புரதத் துணுக்குகளை ஒரே நேரத்தில் படித்து ஜாதகம் கணிப்பது. 2020-ல் வெளியான 'பிரையாரிட்டி' என்ற ஐரோப்பிய ஆய்வில், ஆல்புமின் சரியாக இருந்த 1775 நீரிழிவுக்காரர்களை இப்படிச் சோதித்தார்கள். ஆபத்து என்று பிரித்த 216 பேரில் 28 சதவீதத்துக்குப் பின்னால் ஆல்புமின் இறங்கியது. ஆபத்தில்லை என்ற கூட்டத்தில் 9 சதவீதம்தான். ஜாதகம் பலித்தது. ஆனால் பரிகாரம் பலிக்கவில்லை. ஆபத்துக் கூட்டத்தில் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை கொடுத்தும் கசிவைத் தடுக்க முடியவில்லை. அதனால்தான் இன்றும் டாக்டர்கள் முதலில் கேட்பது பழைய ஆல்புமினைத்தான். நம் மாணவர்களில் யாருக்காவது ஆராய்ச்சிக்குத் தலைப்பு வேண்டுமென்றால், இதோ ஒன்று காத்துக்கிடக்கிறது.

யோசித்துப் பார்த்தால் இந்தச் சரித்திரம் முழுக்க ஒரே பாடம். கரண்டி 'இல்லை' என்றது, பட்டை 'இருக்கிறது' என்றது. பட்டை 'இல்லை' என்றது, கீனின் கதிரியக்க முறை 'இருக்கிறது' என்றது. ஆல்புமின் 'இல்லை' என்கிறது, நுண்குழல் புரதம் 'இரு, இரு' என்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் கருவிக்குத் தெரியாததையெல்லாம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. நான் எழுதிய 'நில்' ஆங்கிலச் சொல். தமிழில் அதைப் படித்திருந்தால் ஒருவேளை நானும் ஒரு நிமிடம் நின்றிருப்பேன்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

2007-ல் வெளிவந்த சென்னை நகர ஆய்வில், நீரிழிவுக்காரர்களில் 26.9 சதவீதம் பேருக்கு இந்தச் சிறு கசிவும், 2.2 சதவீதம் பேருக்கு முற்றிய நோயும் இருந்தது தெரிந்தது. நாலில் ஒருவருக்குத் திருப்பிவிடக்கூடிய கட்டத்தில் இருக்கிறது என்று இதை நான் படிக்கிறேன். நம் சந்திப்பில் ஒரு பந்தி வரிசையைப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆகவே நீரிழிவோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தரம் ஏ.சி.ஆர். பாருங்கள். கூடவே ரத்தக் கிரியேட்டினினும் அதிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆரும். 'முழு உடல் பரிசோதனை'ச் சீட்டில் புரதம் நில் என்று இருப்பது ஏ.சி.ஆர். ஆகாது. பேர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். காய்ச்சல், நீர்க்கடுப்பு, கடும் உடற்பயிற்சி இருந்த நாட்களில் எண் சும்மாவே ஏறும். அதனால் ஒரு தரம் கூடியிருந்தால் பயப்படாமல், ஆறு மாதத்துக்குள் இன்னும் இரண்டு தரம் பார்த்து, மூன்றில் இரண்டு கூடுதலாக இருந்தால் மட்டுமே முடிவுக்கு வருவார்கள். நம் வயதில் முழங்கால் வலிக்கு டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை விழுங்கும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள்.

சென்ற வருடம் கேப்டனின் மகள் என் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கும் இப்போது சர்க்கரை. பேச்சுவாக்கில், "அங்கிள், அப்பாவுக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா பிழைச்சிருப்பாரா?" என்று கேட்டாள். நான் நாற்பது வருடமாக எண்களோடு புழங்கியவன். "நிச்சயமா சொல்ல முடியாதும்மா. ஆனா சில வருஷம் கிடைச்சிருக்கும்" என்றேன். அவள் பையிலிருந்து தன் ரிப்போர்ட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஏ.சி.ஆர். 11. "பாஸ்மா" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "அடுத்த வருஷமும் பாரு" என்றேன்.

சங்கத்தாரிடம் பேசியிருக்கிறேன். சந்திப்பு நாளன்று காலை ஆறு முதல் எட்டு வரை, ஹாஸ்டல் பழைய வாசிப்பறையில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பேன். வேதியியல் துறை மாணவர்கள் இரண்டு பேர் உதவிக்கு இருப்பார்கள். காலை முதல் நீர், சின்ன டப்பாவில், பெயர் எழுதி. கூச்சம் வேண்டாம். கேப்டன் இருந்திருந்தால் முதல் ஆளாக வந்து மேஜையில் வைத்திருப்பான்.

— வேதியியல் துறை முன்னாள் மாணவர், 1973–76